இரவு ரோந்தில் முகப்படம் எடுப்பதை நெறிப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
வடசென்னை.

பெறுநர்
உயர்திரு உள்துறைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: முக அடையாளச் செயலிப் பயன்பாட்டை நெறிப்படுத்தவும், வழக்கு ஏதும் இல்லாதோரின் படங்களை அழிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மையீர்,

எங்கள் தெருக்களுக்குக் கேமரா வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள். காவல் துறையின் ‘மூன்றாவது கண்’ கேமராத் திட்டம் வந்தபோது வீட்டுக்கு வீடு பணம் திரட்டிப் பொருத்தினோம். சங்கிலிப் பறிப்பு ஒழிய வேண்டும் என்ற எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆனால் தெருவைப் பார்க்கும் கேமரா வேறு, வழியில் போகிறவரை நிறுத்தி முகத்தைப் பதிவது வேறு. எங்கள் பொதுக்குழுவில் பேசியவர்கள் அனைவரும் இதையே சொன்னார்கள்.

எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறார். விடியுமுன் தொடங்கும் ஏலத்துக்குச் சைக்கிளில் போனவரை ரோந்துக் காவலர்கள் நிறுத்தினர். தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லி, தெருவிளக்கின் கீழ் முக அடையாளச் செயலியில் படம் எடுத்தனர். அவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் போகச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் இது மூன்று முறை நடந்தது. “எடுத்த போட்டோவை என்ன செய்வாங்க?” என்று அவருடைய தாயார் கூட்டத்தில் கேட்டார். எங்களில் எவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டமும் தண்டனை பெற்றோர், கைதானோர் போன்றோரிடமே அடையாளப் பதிவுகள் எடுக்க வழி செய்கிறது. வேலைக்குப் போகிறவர் இதில் எந்த வகை?

2024 மே மாதம் காவல் துறையின் முக அடையாள இணையதளத்தில் ஊடுருவல் நடந்தது எங்கள் அச்சத்தைக் கூட்டியது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

எங்கள் கோரிக்கைகள்:

1. நியாயமான சந்தேகத்தை எழுத்தில் பதியாமல் எவரையும் படம் எடுக்கக் கூடாது.

2. வழக்கு இல்லாதவரின் படத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்து, அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. இதுவரை சேர்ந்துள்ள அத்தகைய படங்களின் எண்ணிக்கையை வெளியிட்டு, அவற்றையும் அழிக்க வேண்டும்.

4. செயலிக்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் தமிழில் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒட்ட வேண்டும்.

5. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஆண்டுதோறும் தணிக்கை நடத்தி, அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

காவல் துறையின் கையைக் கட்டிப்போட நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் தலை நிமிர்ந்து வேலைக்குப் போய்வர வேண்டும் என்றே கேட்கிறோம். அந்தத் தாயாருக்கு எழுத்துமூலம் பதில் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: காவல் துறைத் தலைமை இயக்குநர், சென்னை;
மாநில மனித உரிமைகள் ஆணையம், சென்னை.