ஊசிக்கு விலை வைத்தார்கள், எலும்பை விட்டுவிட்டார்கள்

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-வது சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியை முற்றிலும் நீக்கியது. 12 சதவீதத்தில் இருந்த மற்ற மருந்துகள் 5 சதவீதத்துக்கு இறங்கின. செப்டம்பர் 22 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்த 33-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருந்து ஒன்றுகூட இல்லை என்பதை வாசகர்கள் பலர் கவனித்திருப்பீர்கள். இருந்தாலும் நம் துறைக்குப் பலன் இல்லாமல் இல்லை. 2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லியூப்ரோலைடு சேர்ந்ததிலிருந்து அதன் விலை கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதவே தயங்கிய மூன்று மாத ஊசியை இன்று கூடுவாஞ்சேரி, மறைமலை நகர்ப் பக்கத்து ஓய்வூதியக்காரருக்கும் எழுத முடிகிறது.

இதை இந்த இதழ் மனமார வரவேற்கிறது. ஊசிக்கு மாற்றான விரை நீக்க அறுவையும் நல்ல சிகிச்சைதான். இன்றும் பலருக்கு அதுவே பொருத்தமானது. ஆனால் பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக அறுவைக்குத் தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். மகன் கையெழுத்துப் போட, அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த நாட்கள் குறைந்தால் நல்லதுதான்.

கேள்வி வேறு. ஊசி மலிவானால் அதிகம் பேருக்குப் போடுவோம், அதிக நாள் போடுவோம். அந்த நாட்களில் அந்த உடலுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் செலவை யார் ஏற்பது? இதற்கு எந்த அரசாணையிலும் பதில் இல்லை.

நாம் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறோம். முதுகெலும்பில் பரவல் உள்ளவருக்குப் பைகாலூட்டமைடு கொடுக்காமலேயே முதல் அகோனிஸ்ட் ஊசியைப் போட்டுவிட்டு, கால் மரத்துப்போன பிறகு அனுப்பிவைக்கும் பரிந்துரைக் கடிதங்கள் இன்னும் வருகின்றன. தண்டுவடம் நெருக்கப்படும் நிலையில் இருந்தால் டெகரெலிக்ஸ் அல்லது அன்றே விரை நீக்கம். இதில் விவாதத்துக்கு இடமில்லை. அடுத்தது டெஸ்டோஸ்டிரோன் அளவு. சந்தையில் பல நிறுவனங்களின் டெப்போக்கள் இருக்கின்றன. கலக்கும் முறை ஒன்றுக்கொன்று மாறுகிறது. கலந்து வைத்துவிட்டு நோயாளி வரும்வரை காத்திருக்கும் பழக்கமும் இருக்கிறது. பிஎஸ்ஏ ஏறினால் மட்டும் டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பது தாமதம். பிராண்டு மாறும்போதும், ஊசி தள்ளிப்போனபோதும் ஒரு முறை பாருங்கள். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்காதவருக்கு அபிராடெரோனைச் சேர்ப்பதற்கு முன், அவர் உடலுக்குள் ஊசி ஒழுங்காகப் போனதா என்று கேளுங்கள்.

இதயத்தைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையம் 2010 அக்டோபரிலேயே அகோனிஸ்டுகளின் விவரச்சீட்டில் நீரிழிவு, இதய நோய் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. 2020-இல் வந்த ஹீரோ ஆய்வில் 930 பேரில், ரெலுகோலிக்ஸ் எடுத்தவர்களுக்குப் பெரிய இதய நிகழ்வுகள் 2.9 சதவீதம், லியூப்ரோலைடு எடுத்தவர்களுக்கு 6.2 சதவீதம். கருத்தரங்குகளில் இந்த வரைபடம் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அடுத்த ஆண்டு வெளியான ப்ரொனவுன்ஸ் ஆய்வை யாரும் காட்டுவதில்லை. இதய நோய் உள்ளவர்களை மட்டுமே சேர்த்த அந்த ஆய்வு, 545 பேரோடு பாதியில் நின்றது. டெகரெலிக்ஸ் பிரிவில் 5.5 சதவீதம், லியூப்ரோலைடு பிரிவில் 4.1 சதவீதம். அதாவது இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு டெகரெலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் போன்ற எதிரியக்கியைத் தேர்ந்தெடுப்பது நியாயமே. ஆனால் அதை எழுதிவிட்டதால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. தினமும் மாத்திரை என்றால் இன்னொன்றும் உண்டு: ரெலுகோலிக்ஸை நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் வேகமாகத் திரும்பும். சிகிச்சையை முடிக்க வேண்டியவருக்கு அது வரம், மாத்திரை தீர்ந்து ஊருக்குப் போய்விட்டவருக்கு அது ஆபத்து.

இவையெல்லாம் மருத்துவர் கையில் இருப்பவை. எலும்பு அப்படியில்லை.

இந்த இதழ் எலும்பைப் பற்றி எழுதுவது புதிதல்ல என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். திரும்பவும் எழுதுவதற்குக் காரணம், இந்த முறை நிலைமை மோசமாகப் போகிறது என்று நாங்கள் நம்புவதுதான். 2005-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஷாஹினியன் குழு 50,613 ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்தது. நோய் கண்டறிந்து ஐந்து ஆண்டுகளாவது வாழ்ந்தவர்களில், ஹார்மோன் தடுப்பு பெற்றவர்களில் 19.4 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்திருந்தது, பெறாதவர்களில் 12.6 சதவீதம். இருபது ஆண்டுகளாக இந்த எண் நம் எல்லோருக்கும் தெரியும். அது ஊசி மட்டும் போட்ட காலத்து எண். இன்று ஊசியோடு அபிராடெரோன், அதோடு தினமும் பிரெட்னிசோலோன். பரவாத, ஆனால் ஆபத்து அதிகமுள்ள நோய்க்கே ஸ்டாம்பீட் ஆய்வின்படி மூன்று ஆண்டு ஊசியும் இரண்டு ஆண்டு அபிராடெரோனும். டெஸ்டோஸ்டிரோன் போனால் அதிலிருந்து உருவாகும் எஸ்ட்ராடையாலும் போகிறது; ஆணின் எலும்பைக் காப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். முதல் ஆண்டிலேயே இழப்பு வேகமாக நடக்கிறது. அதே ஆண்டில் தொடைத் தசையும் கரைகிறது. இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழும் எழுபத்தைந்து வயதுக்காரர் ஈரமான குளியலறைத் தரையில் கால் வைக்கிறார். இந்த மூன்றும் ஒரே வீட்டில் சந்திப்பதைத்தான் நாம் இடுப்பு எலும்பு முறிவு என்று எலும்பியல் பிரிவுக்கு அனுப்புகிறோம்.

அங்கே என்ன எழுதுகிறார்கள்? ஆண், 75 வயது, வீட்டில் வழுக்கி விழுந்தார், தொடை எலும்புக் கழுத்து முறிவு. ஹார்மோன் ஊசி என்ற சொல்லே அந்தத் தாளில் இருக்காது. நம் கோப்பிலோ பிஎஸ்ஏ 0.1-க்குக் கீழே, நோய் கட்டுப்பாட்டில் என்று இருக்கும். இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. இடுப்பு எலும்பு முறிந்த ஆண்கள் அதே முறிவு ஏற்பட்ட பெண்களைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்பது தெரிந்த உண்மை. அந்த இறப்பை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நாட்டில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் பக்கவிளைவு கண்காணிப்பு மையங்கள் இருக்கின்றன. தோல் தடிப்புக்கும் வாந்திக்கும் படிவம் நிரப்பும் நாம், மூன்று ஆண்டு லியூப்ரோலைடுக்குப் பிறகு முறிந்த தொடை எலும்புக்கு ஏன் நிரப்புவதில்லை?

இன்னொரு குழப்பத்தையும் இங்கே உடைத்துவிட வேண்டும். "எலும்பு ஸ்கேன் எடுத்தாச்சு டாக்டர்" என்று நோயாளியின் மகள் சொல்வார். கோப்பைப் புரட்டினால் இருப்பது டெக்னீஷியம் ஸ்கேன். பரவல் இருக்கிறதா என்று பார்த்தாயிற்று. எலும்பு எவ்வளவு தாங்கும் என்று யாரும் பார்க்கவில்லை. எலும்பு பார்த்தாயிற்று என்ற நிம்மதியில் பட்டமேற்படிப்பு மாணவரும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா எடுத்தாலும் கவனம் தேவை. முதியவரின் இடுப்பு முதுகெலும்பில் தேய்மான முட்களும், புற்றுநோயின் கெட்டியான பரவல்களும் அடர்த்தியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். தொடை எலும்புக் கழுத்தையும் முன்கையையும் நம்புங்கள்.

டெக்ஸா எட்டாத இடத்தில் ஃபிராக்ஸ் கணக்கீடு இருக்கிறது. இந்தியாவுக்கான பதிப்பு உண்டு, கைப்பேசியிலேயே போடலாம், எலும்பு அடர்த்தி எண் இல்லாமலும் அது வேலை செய்யும். ஹார்மோன் தடுப்பை இரண்டாம்நிலை எலும்புத் தேய்மானம் என்று குறியுங்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் ஊசியன்றே தொடங்கட்டும். இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில் எதற்கு என்று கேட்பவர்கள் நம் நோயாளிகளின் இரத்த அறிக்கையைப் பார்த்தால் போதும். நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காப்பாற்றாது, எடைப்பயிற்சி வேண்டும். காட்டாங்குளத்தூரில் ஒரே வளாகத்தில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் இயன்முறை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இத்தனை வசதி ஒருங்கே அமைந்த இடங்கள் மாநிலத்தில் அதிகமில்லை. அந்த வசதியைப் பயன்படுத்தும் கடமை நமக்கு இருக்கிறது. ஜோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ தொடங்கும் முன் வெற்றிலை, புகையிலையால் சிதைந்த பல்லைப் பிடுங்கி ஆறவிடுவது தாடை எலும்பைக் காக்கும்.

எந்த மருந்து என்பதில் எங்கள் நிலைப்பாடு வேறுபட்டது, அதைத் தெளிவாகவே சொல்கிறோம். 1,468 பேர் பங்கேற்ற ஹால்ட் ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் டெனோசுமாப் பெற்ற பிரிவில் 36 மாதங்களில் புதிய முதுகெலும்பு முறிவு 1.5 சதவீதம், மருந்துப்போலிப் பிரிவில் 3.9 சதவீதம். அருமையான மருந்து. ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கும். வண்டலூர் தாண்டி வர பேரன் விடுப்பு எடுத்தால்தான் முடியும் என்ற நிலையில் இருக்கும் முதியவருக்கு, ஆறு மாதம் தவறவே கூடாத ஊசியை எழுதுவது பாதுகாப்பானதல்ல. சிறுநீரகம் இடம் கொடுத்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் அமிலம் அவருக்கு ஏற்றது. அடைப்பால் சிறுநீரகம் வீங்கி, கிரியாட்டினின் ஏறியவர்கள் நம்மிடம் அதிகம்; அவர்களுக்கு இது கூடாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டெனோசுமாபுக்கும் தாவ முடியாது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு முற்றியவர்களில் அது கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்குகிறது என்று 2024 ஜனவரியில் கடும் எச்சரிக்கை வந்திருக்கிறது.

எலும்புக் காப்பு மருந்து செய்யும் வித்தியாசத்தைப் பீஸ்-3 ஆய்வு காட்டியது. என்சலூட்டமைடோடு ரேடியம்-223 சேர்த்தபோது முறிவுகள் அச்சமூட்டும் அளவுக்கு ஏறின. எலும்புக் காப்பு மருந்தைக் கட்டாயமாக்கியதும் அவை பெருமளவில் அடங்கின. நோயாளியும் சிகிச்சையும் ஒன்றே, மாறியது ஒரு விதி மட்டும்.

அந்த ஒரு விதியைத்தான் நம் அதிகாரிகள் எழுத மறுக்கிறார்கள். விலை நிர்ணய ஆணையம் குப்பியின் விலையைப் பார்க்கிறது. வரி மன்றம் குப்பியின் மீதான வரியைப் பார்க்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் உள்நோயாளிச் சிகிச்சைக்காக வடிவமைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வருமான வரம்பின்றி 70 வயது கடந்த எல்லோருக்கும் அதை விரித்தார்கள்; நம் நோயாளிகளில் பெரும்பகுதி அந்த வயதுதான். ஆனால் அவர்களுக்குத் தேவையான டெக்ஸாவும் டெஸ்டோஸ்டிரோனும் ஃபிராக்ஸைப் போட்டுப் பார்க்கும் பத்து நிமிட ஆலோசனையும் வெளிநோயாளிப் பிரிவில் நடப்பவை. எலும்பு முறிந்து, வார்டில் சேர்ந்து, செயற்கை மூட்டு வைத்தால் அரசு பணம் கொடுக்கும். முறியாமல் காப்பதற்கு ஆகும் சிறு தொகைக்கு அந்தக் குடும்பம் நகையைத் தேட வேண்டும். இந்தக் கணக்கை யார் போட்டார்கள்? எலும்புத் தேய்மானம் என்றால் மாதவிடாய் நின்ற பெண்களின் நோய் என்றே நிர்வாகம் நினைக்கிறது. நாமே மருந்து கொடுத்து உண்டாக்கும் நிலை ஆணுக்கும் உண்டு என்பதை எத்தனை முறை எழுதினாலும் அது கோப்பில் ஏறுவதில்லை. கேட்டால் தனித் திட்டம் வேண்டும், நிதி வேண்டும் என்கிறார்கள்.

தனித் திட்டம் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே இந்த முதியவர்களின் வீட்டுக்குப் போகிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் அந்தப் படியில் ஏறுகிறார். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதே திட்டத்தில் இருக்கின்றன. தன்னார்வலர் கையிலிருக்கும் பதிவில் மூன்று வரிகள் சேர்க்கச் சொல்கிறோம்: முதியவர் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறாரா, அடுத்த ஊசி எப்போது, சென்ற மாதம் விழுந்தாரா. ஊசி போடத் தொடங்கிய பின் ஏறும் சர்க்கரையும் அழுத்தமும் அதே பதிவில் தெரிந்துவிடும். இதற்கு எந்தக் குப்பியும் வாங்க வேண்டாம். சுகாதாரத் துறைக்கு இதை எழுத்துமூலம் அனுப்புகிறோம்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. பரவல் ஏதுமில்லாமல் பிஎஸ்ஏ மட்டும் மெதுவாக ஏறும் எண்பது வயதுக்காரருக்கு, எண்ணைப் பார்த்துப் பயந்து ஊசி தொடங்குவதை நிறுத்துவோம். கதிர்வீச்சோடு ஆறு மாதம் போதும் என்றிருப்பவருக்கு, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்காக மூன்றாவது ஆண்டும் ஊசி தொடர்வதை நிறுத்துவோம். விலை குறைந்ததால் இந்த இரண்டு தவறுகளும் இனிப் பெருகும். நிறுத்த வேண்டிய தேதியை முதல் ஊசியன்றே ஊசி அட்டையில் எழுதுங்கள்.

அடுத்த இதழிலிருந்து, ஆண்ட்ரோஜன் தடுப்பு பற்றிய நோயாளி அறிக்கையோ தொடராய்வோ எதுவானாலும், தொடக்க எலும்பு மதிப்பீடு, சிகிச்சைக்கால டெஸ்டோஸ்டிரோன் அளவு, விழுந்த மற்றும் முறிந்த விவரம் ஆகிய மூன்றும் இல்லாமல் வெளியீட்டுக்கு ஏற்பதில்லை என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. மதிப்பீடு செய்யப்படவில்லை என்றால் அப்படியே எழுதி அனுப்புங்கள். அதையும் வெளியிடுவோம்.