தடுப்பூசி அறையில் தாய்க்கும் ஒரு கேள்வி

பெறுநர்: மாநகர நல அலுவலர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி.

அனுப்புநர்: மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரக் குடியிருப்போர் சங்க மகளிர் குழு.

பொருள்: கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் பிரசவ மருந்து வாங்கிவர வீட்டில் ஆள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறுத் திட்டத்தில் ரூ.18,000 உதவியும் உண்டு. இருமினால், தும்மினால் புடவை நனைகிறதா என்று பிரசவித்த தாயைக் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். அவை தளர்ந்தால் சிறுநீர் கசியும். பின்னாளில் அடியிறக்கமும் வரலாம். சிசேரியனுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்பது பாதி உண்மையே. ஒன்பது மாதச் சுமையே தசையைத் தளர்த்திவிடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி புதிதல்ல. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் எழுதியதுதான். அவரே அழுத்தமானி வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார். சுருக்க வேண்டிய தசையை விட்டுவிட்டு வயிற்றை இறுக்கி மூச்சைப் பிடிப்பவர்கள் ஏராளம். ஆகவே, துண்டுப்பிரசுரத்தோடு முடித்துவிட வேண்டாம்.

எல்லோருக்கும் கட்டாயம் என்றும் சங்கம் கேட்கவில்லை. பிரசவித்த எல்லோருக்கும் தடுப்பு முறையாக இதைத் தொடங்குவதை உலக சுகாதார நிறுவனமே 2022இல் பரிந்துரைக்கவில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பழகுவதற்கும், கசிவு வந்தவர்களுக்குச் சிகிச்சையாகத் தருவதற்கும்தான் சான்று வலுவாக உள்ளது. பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் கசிவு உள்ளவர்களுக்குக் குறைந்தது 3 மாதம் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியைச் சொல்கிறது.

எனவே தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில், கர்ப்பத்தைப் பதியும்போதே பயிற்சியைக் கற்றுத்தர வேண்டும். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது, செவிலியர் தாயிடமும் கசிவு பற்றிக் கேட்டுக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு பிக்மி கர்ப்பப் பதிவு எண்ணோடு இருந்தால், பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணுக்கும் சிகிச்சை விட்டுப்போகாது. கசிவு உள்ளவர்களைப் பார்க்க வாரம் ஒரு நாள் பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். கதவு சாத்தும் அறையும் வேண்டும். திரைச்சீலை போதாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிசியோதெரபியை ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோகிறது. நிலையத்துக்கு வர முடியாத தாய்மார்களையும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் சேர்க்கலாம். முதலில் மண்டலத்துக்கு ஒரு நிலையத்தில் தொடங்கினாலும் சங்கம் வரவேற்கும்; நேரில் விளக்க அழைத்தால் வரவும் ஆயத்தமாக உள்ளது.

இப்படிக்கு,
சங்க மகளிர் குழுவினர்