பெற்றவன் வயிற்றில் அடித்தார்கள், பிள்ளையைப் பிடித்து அடைத்தார்கள்!



"வெள்ளைக்காரன் கொடுமைக்காரன்தான். ஆனாலும் அநாதைப் பிள்ளைகளைத் தெருவில் விடாமல், பள்ளி வைத்து, சோறு போட்டு, தொழிலும் கற்றுக் கொடுத்தானே!" என்று சில படித்த பெரிய மனிதர்கள் இன்றும் பேசித் திரிகிறார்கள். இந்தப் புகழ்மாலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஒரு பள்ளி சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், செங்கல்பட்டில்தான் இருந்தது. அதற்குள் போனவர்கள் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. நம்மைப் போன்ற கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

அநாதையும் திருடனும் ஒரே வரியில்

1850-ல் கம்பெனி சர்க்கார் அப்ரண்டீஸ் சட்டம் என்று ஒன்று போட்டது. தாய் தகப்பன் கைவிட்ட ஏழைப் பிள்ளை, வேலையில்லாமல் சுற்றிய பிள்ளை, சில்லறைத் திருட்டில் அகப்பட்ட பிள்ளை — 10 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள இவர்களை மாஜிஸ்திரேட்டே பாதுகாவலராக நின்று ஓர் எஜமானிடம் தொழில் பழக எழுதிக் கொடுக்கலாம். பசித்தவனும் திருடியவனும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றே!

1876-ல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. அது என்ன வருஷம் தெரியுமா? நம் கிழவிகள் சொல்லிச் சொல்லி அழுத தாது வருஷம்! சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்ட பஞ்சம் தொடங்கிய வருஷம். துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877-ல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை வந்து, நிவாரண வேலைக்காரனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். பெற்றவன் வயிற்றில் அடித்த அதே சர்க்கார்தான், பசியில் கை நீட்டிய பிள்ளையைச் சீர்திருத்தக் கிளம்பியது!

1887-ல் செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி திறக்கப்பட்டது. 1897-ல் வந்த புதுச் சட்டப்படி, தண்டனை பெற்ற 15 வயதுக்குட்பட்ட பையனை 3 முதல் 7 வருஷம் வரை இத்தகைய பள்ளியில் வைக்கலாம். 14 வயது தாண்டினால் லைசென்ஸ் கொடுத்து வெளியே ஒரு முதலாளியிடம் வேலைக்கும் அனுப்பலாம். பிள்ளையைத் திருத்துகிறோம் என்ற பேச்சு கடைசியில் முதலாளிக்கு ஆள் சேர்ப்பதில் போய் முடிந்தது!

கலெக்டரே எழுதிய குற்றப்பத்திரிகை

பிள்ளை ஏன் தெருவுக்கு வந்தான்? பள்ளி திறந்து நாலு வருஷம் கழித்து, 1891-ல், செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரரே இதற்குப் பதில் எழுதி வைத்தார். சேரி மக்களுக்கு உழ நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, தர்காஸ்து கேட்டால் மிராசுதார் தடுக்கிறார் என்று அவர் அறிக்கை சொன்னது. அதன்பேரில் 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அந்த நிலத்தில் எவ்வளவு எவரெவர் கைக்குப் போயிற்று என்பதை விவசாயத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் ஒரு படி நெல்லை எடுத்தால் 3 வருஷம். தகப்பன் நிலத்தைப் பறித்தவனுக்கு எந்தச் சீர்திருத்தப் பள்ளி?

இதைவிடக் கொடுமை குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ம் வருஷத்துச் சட்டப்படி, ஒரு குற்றமும் செய்யாத குழந்தையைக்கூடத் தாயிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியில் போடலாம். குறிப்பிட்ட ஜாதியில் பிறந்ததே போதும்! நம் மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது.

1920-ல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. பிள்ளைகளைப் பெரியவர்களின் ஜெயிலிலிருந்து பிரித்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிச்சை எடுத்த பிள்ளையையும் வீடில்லாத பிள்ளையையும் போலீஸ்காரர் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துவதாகத்தான் அதுவும் இருந்தது. அடுத்த வருஷமே பெரம்பூர் பி அண்டு சி மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். கூலி கேட்டவர்களுக்கு அதே சர்க்கார் கொடுத்தது துப்பாக்கிக் குண்டு. அங்கே செத்தவன் பிள்ளைதான் இங்கே 'அநாதை'!

இது இங்கிலாந்தில் பழகிய வித்தை. அங்கே அநாதை விடுதிப் பிள்ளைகளை வண்டியேற்றிப் பஞ்சாலைகளுக்கு அனுப்பினார்கள். கொடுமை தாங்காமல்தான் 1802-ல் ஒரு சட்டம் போட்டு அவர்கள் வேலையை நாளுக்கு 12 மணி நேரமாக 'குறைத்தார்கள்'. அயர்லாந்துத் தொழிற்பள்ளிகளில் பல பத்து வருஷங்கள் நடந்த அடி உதையும் அக்கிரமமும் 2009-ல் அரசு விசாரணை அறிக்கையிலேயே அம்பலமாயின.

பழைய கதையா?

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். 2022 டிசம்பர் கடைசியில், திருட்டுக் குற்றம் சாட்டி அதே செங்கல்பட்டில் அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுப் பையன் இரண்டு மூன்று நாளில் பிணமானான். கொலை வழக்குப் பதிவாகி, இல்லத்து ஊழியர் ஆறு பேர் கைதானார்கள். அவன் பணக்கார வீட்டுப் பிள்ளையா? இல்லை! ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் இல்லங்களை ஆராய ஒரு நபர் குழு அமைக்கும்படி ஆயிற்று.

சட்டம் மாறியிருக்கிறது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் ஆதரவற்ற குழந்தையைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் அனுப்புகிறது. குடும்பத்தோடு வைத்தே வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவும் மத்திய அரசுத் திட்டமும் உண்டு. ஆனால் தகப்பனை இழந்த எத்தனை கூலிக்காரக் குடும்பங்களுக்கு இது தெரியும்? தெரியாத உரிமை பூட்டிய பெட்டியில் உள்ள சோறு!

செய்ய வேண்டியது என்ன?

பிள்ளையைக் காக்கும் முதல் வேலி தாய் தகப்பன் வாங்கும் கூலி. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து சங்க உரிமைக்குப் போராடினார்களே, அது அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கான போராட்டமும்தான். காண்டிராக்ட் கூலியில் அரை வயிறு கஞ்சி குடிக்கும் குடும்பத்தில் ஒரு விபத்து நடந்தால், மறுநாளே பிள்ளை தெருவில்.

ஆகவே தோழர்களே, நம் தெருவில் ஒரு பிள்ளை ஆதரவற்று நின்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். விதவைத் தாயை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போய் மனுக் கொடுக்கச் செய்யுங்கள். இல்லங்களின் கதவைத் திறந்து பொதுமக்கள் பார்வைக்கு வை என்று ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் தீர்மானம் போடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு யாருடைய தர்மமும் வேண்டாம். பெற்றவர்களுக்கு நியாயமான கூலியும் நிலமும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கொடு! அவை நமக்குச் சேர வேண்டிய பாக்கி. பாக்கியைக் கேட்டு வாங்குவோம்!