பிணம் போல் படுக்கச் சொன்னார்கள்

கடந்த ஜூன் மாதம் ஒரு யோகா முகாமுக்குப் போயிருந்தோம். ஜூன் 21 பன்னாட்டு யோகா நாள். 2014 டிசம்பரில் ஐ.நா. பொது அவை அறிவித்தது. 2015 முதல் ஆண்டுதோறும் அரசு அலுவலகங்கள் பாய் விரித்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. அந்தப் படத்துக்குத் தூய்மைப் பணியாளர்களும் தேவைப்பட்டார்கள். அவர்களோடு களப்பணி செய்கிறவர்கள் என்பதால் ஆட்களை அழைத்து வரச் சொன்னார்கள். அழைத்துப் போனோம். "பணியாளர்களின் மன அழுத்தம் போக்கும் முகாம்" என்று பேனர் கட்டியிருந்தது. காலை வேலை முடிந்து, சீருடையோடு, சாப்பிடாமல் வந்திருந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள்.

குனிதல், நிமிர்தல் எல்லாம் முடிந்து கடைசியில் சவாசனம். பயிற்றுநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்போ எல்லாரும் பிணம் மாதிரி படுங்க. கையையும் காலையும் அப்படியே விட்டுடுங்க. யார் மேல கோபம் இருந்தாலும் விட்டுடுங்க. நடக்கிறதை ஏத்துக்குங்க. எல்லாரையும் மன்னிச்சிடுங்க."

அப்போது இரண்டு சம்பவங்கள் நடந்தன.

ஓர் அக்கா படுத்த இரண்டாவது நிமிடத்தில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். பயிற்றுநர் போய்த் தோளைத் தட்டினார். "தூங்கக் கூடாதும்மா. இது தூக்கம் இல்ல, விழிப்போட ஓய்வு." அக்கா பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மூணரைக்கு எழுந்தவ சார். தரையைப் பார்த்ததும் கண்ணு சொக்கிடுச்சு."

இன்னொருவர் படுக்கவே இல்லை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பன் காலத்திலிருந்து சுடுகாட்டு வேலை செய்கிறவர். ஏன் படுக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "பொணம் எப்படிப் படுக்கும்னு எனக்குத் தெரியும் சார். தினம் பாக்கிறேன். என்னை எதுக்குப் பொணமாகச் சொல்றீங்க?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். திரும்பி வரும் வழியில்தான் அது சிரிக்கிற விசயமில்லை என்று உறைத்தது.

யாருடைய களைப்பு?

சவம் என்றால் பிணம். சவாசனம் என்றால் பிணத்தின் கிடை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அடயோகப் பிரதீபிகை அதைச் சுருக்கமாகச் சொல்கிறது: தரையில் பிணம்போல் மல்லாந்து கிடப்பது சவாசனம்; அது களைப்பைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும். அவ்வளவுதான். கோபத்தை விடச் சொல்லவில்லை. மன்னிக்கச் சொல்லவில்லை. நடப்பதை ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. அந்தச் சரக்கெல்லாம் பிறகு ஏற்றியது. அந்த நூலின்படி பார்த்தால் மண்டபத்தில் சவாசனத்தின் பயனைச் சரியாக அடைந்தவர் குறட்டை விட்ட அக்காதான். அவரைத்தான் தட்டி எழுப்பினார்கள்.

நம் பாட்டன்மார் கதையும் இதுதான். நடவும் அறுப்பும் முடித்து, களத்துமேட்டுப் புளிய மரத்தடியில் துண்டை விரித்து மல்லாந்து படுத்தவர்கள் அவர்கள். கை கால் விரித்து, கண் மூடி, அசையாமல். எந்தக் குருவும் சொல்லித்தரவில்லை. அதற்கு ஊர்த்தெரு வைத்த பெயர் என்ன? சோம்பேறித்தனம். "வேலை கெடக்கு, பொணம் மாதிரி கெடக்கான் பாரு" என்று வரப்பில் நின்று கத்தியதைப் பாட்டிமார் இன்றும் சொல்கிறார்கள். அதே கிடை, அதே தரை. சேரிக்காரர் கிடந்தால் சோம்பல், பாய்க்குக் காசு கொடுத்தவர் கிடந்தால் யோகம். உடலின் நிலை மாறவில்லை. உடலின் சாதி மாறியிருக்கிறது.

பிணத்தைப் பற்றியும் பேசுவோம். சாவுச் செய்தி சொல்லப் போவது, பறையடிப்பது, குழி வெட்டுவது, எரியூட்டுவது என்று பிணத்தோடு சேர்ந்த வேலைகளையெல்லாம் சாதியின் பெயரால் நம்மீது சுமத்தி, சுமத்திய பிறகு தீட்டு என்று தள்ளி வைத்தது இந்தச் சமூகம். ஊரார் பிணத்தை அடக்கம் செய்தவர்களுக்குத் தம் பிணத்தை எடுத்துப்போக வழி கிடையாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே போக வழிவிடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. செத்த பிறகும் நிம்மதியாகக் கிடக்க முடியாத நாட்டில், உயிரோடு இருக்கிறவனைப் பார்த்துப் "பிணம்போல் நிம்மதியாகக் கிட" என்று சொல்வதற்கு எவ்வளவு வசதி வேண்டும்?

ஓய்வு வானத்திலிருந்து விழவில்லை

ஓய்வு என்பது மனப்பக்குவத்தில் கிடைப்பது என்று யோகா வகுப்புகள் சொல்கின்றன. வரலாறு வேறு சொல்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தார் பாபாசாகேப் அம்பேத்கர். ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணி நேரமானது 1946இல் வந்த சட்டத் திருத்தத்தால். அதற்கான மசோதாவை முன்வைத்தவர் அவர். இன்று மாலை ஆறு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு யோகா வகுப்புக்குப் போகிற எத்தனை பேருக்கு அந்த ஆறு மணி எங்கிருந்து வந்தது என்று தெரியும்?

ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. படுக்க இல்லை தோழர்களே, உட்கார. இரண்டே ஆண்டில், 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்குக் கதவு திறக்கும் திருத்தம் அதே சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே அரசு அதைத் திரும்பப் பெற்றது. அன்று எல்லோரும் "நடப்பதை ஏற்றுக்கொண்டு" படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே கோபத்தை விடு என்கிற பாடத்தை நாம் நிராகரிக்கிறோம். நூற்றாண்டுகளாக நம்மிடம் கேட்கப்பட்டது அதுதானே? கண்ணை மூடு, வாயை மூடு, அசையாதே, விதியை ஏற்றுக்கொள். சாதி நம்மைப் பயிற்றுவித்ததே சவாசனத்தில்தான். எழுந்துகொள்ளச் சொல்லாத சவாசனம் அது.

இங்கே புத்தரை இழுத்துக்கொண்டு வருவார்கள். "புத்தரே அமைதியாக உட்கார்ந்தவர்தானே?" என்பார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கதைப்படி இளவரசர் சித்தார்த்தர் ஒரு முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்தார், மனம் வெதும்பித் துறவு பூண்டார். "புத்தரும் அவர் தம்மமும்" நூலில் அம்பேத்கர் இந்தக் கதையை ஏற்க மறுக்கிறார். 29 வயது வரை ஒருவர் சாவையே பார்த்திருக்க மாட்டாரா என்பது அவர் கேள்வி. அவர் முன்வைக்கும் காரணம் ரோகிணி ஆற்றுத் தண்ணீர். சாக்கியருக்கும் கோலியருக்கும் நீர்ப் பங்கீட்டில் சண்டை. போருக்குப் போக வேண்டும் என்று சாக்கிய சங்கம் முடிவெடுக்க, சித்தார்த்தர் எதிர்த்து நின்றார். அதன் விளைவாகவே வீட்டை விட்டு வெளியேறினார். பிணத்தைப் பார்த்து வந்த அமைதி அல்ல அது. தண்ணீர்ச் சண்டையில் நியாயத்தின் பக்கம் நின்றதால் வந்த பயணம். மரத்தடியில் அமர்ந்தவர் அங்கேயே இருந்துவிடவில்லை. எழுந்து 45 ஆண்டுகள் நடந்து பேசினார். வாடிய பூக்களைக் கூட்டி அள்ளிய சுனிதரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார் என்று தேரகாதை சொல்கிறது. அந்த அமைதியில் நமக்குப் பங்கு உண்டு.

இனி நம்மைப் பற்றி

இதுவரை அவர்களைத் திட்டினோம். இனி நம்மைத் திட்டிக்கொள்ள வேண்டும்.

எங்களோடு வேலை செய்த தம்பி ஒருவருக்கு வயது 24. ஒரு வன்கொடுமை வழக்கு. காவல் நிலையம், அரசு மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம் என்று 11 நாள் அலைந்தார். முதல் தகவல் அறிக்கையில் உரிய பிரிவைச் சேர்க்க வைப்பதற்கே நான்கு நாள். தூக்கமெல்லாம் பேருந்தில்தான். "தம்பி தூங்கவே மாட்டான்" என்று கூட்டத்தில் நாங்கள் பெருமையாகச் சொன்னோம். கைதட்டினார்கள். 12ஆம் நாள் இரவு வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்து சாலைத் தடுப்பில் மோதினார். கால் முறிந்தது.

மருத்துவமனையில் அவர் சொன்னது இது: "இப்படிப் படுத்துக்கிட்டு இருக்கிறது குத்தம் பண்ண மாதிரி இருக்குண்ணே." அடுத்த வாரம் வழக்குத் தேதி. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தச் சாட்சியிடம் பேச வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் அவர் தலையில் இருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் நீதிமன்ற வாசலில் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வையை நாங்கள் மறக்கவில்லை.

படுத்தால் குற்றம் என்று அந்தத் தம்பிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வரப்பில் நின்று கத்திய ஆண்டையின் குரல்தான். நாம் அதைத் தியாகம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம். அம்பேத்கர் உறங்காமல் படித்தார், உழைத்தார் என்று மேடையில் முழங்குகிறோம். நீரிழிவும் கால் வலியும் அவரை எப்படி வாட்டின என்று சொல்வதில்லை. 65 வயதில், தம் கடைசி நூல் அச்சில் வருவதைப் பார்க்காமலேயே போய்விட்டார். அவருடைய உறக்கமின்மை நமக்கு இழப்பு. அதைப் போற்றிப் பின்பற்றச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

"யோகா பார்ப்பனியம், நமக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்களுக்கும் இதையே சொல்கிறோம். மந்திரத்தையும் மன்னிப்பையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். தரையில் மல்லாந்து படுப்பதற்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை.

தம்பியின் கால் சரியான பிறகு எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் ஒரு பழக்கம் தொடங்கினோம். கூட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் படுப்பது. பேச்சில்லை, கைப்பேசி இல்லை. தூங்கினால் தட்டுவதில்லை.

முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. பையன்கள் பொத்தென்று படுத்துவிட்டார்கள். பெண்கள் யாரும் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கேட்டபோது கல்லூரி மாணவி ஒருவர் சொன்னார்: "பகல்ல படுத்தா எங்கம்மா மூதேவின்னு திட்டுவாங்க. நாலு பேர் முன்னாடி மல்லாந்து படுத்ததே இல்ல." சாதிக்கு மேல் இன்னொரு காவல்காரன் அங்கே நின்றுகொண்டிருந்தான். நாங்கள் கவனித்திருக்கவே இல்லை. பெண்களுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாள், போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு துப்பட்டா என்று ஏற்பாடு செய்த பிறகே அவர்கள் படுத்தார்கள். பத்து நிமிட ஓய்வுக்கு ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் தேவைப்படுகின்றன. ஓய்வு மனதில் இருக்கிறது என்று இனி யாராவது சொன்னால் அந்தத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம்: வழக்கு வேலையை இப்போது மூன்று பேராகப் பிரித்துக்கொள்கிறோம். கோப்பில் மூவரின் கையெழுத்தும் இருக்கும். ஒருவர் அலைந்தால் ஒருவர் தூங்குவார். இது கருணையால் அல்ல. வழக்கு நம்மைவிட நீண்ட நாள் ஓடும் என்பதால்.

மூன்றாவது பாடம் சவாசனத்தின் கடைசியில் இருக்கிறது. அதிலிருந்து எழும்போது சட்டென்று எழக் கூடாது என்பார்கள். விரலை அசைத்து, வலப்பக்கம் புரண்டு, கையைத் தரையில் ஊன்றி மெல்ல உட்கார வேண்டும். எழுந்துகொள்வதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. நமக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அடுத்த ஜூன் 21 அன்று உங்கள் ஊரிலும் பேனர் கட்டுவார்கள். போங்கள், படுத்து எழுந்து கேளுங்கள். தூய்மைப் பணியாளர் உடை மாற்ற, உட்கார, படுக்க அறை எங்கே? வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு ஒப்பந்தத் தொழிலாளருக்கு உண்டா? மூச்சைக் கவனிக்கச் சொல்கிறீர்களே, மலக்குழியில் விசவாயு தாக்கி நிற்கிற மூச்சை யார் கவனிப்பது? 2013 சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழி மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. அது எத்தனை குடும்பத்துக்கு இந்த ஊரில் கொடுக்கப்பட்டது?

முகாமுக்கு வந்த அந்தச் சுடுகாட்டுத் தொழிலாளியை அண்மையில் பார்த்தோம். படிப்பகத்துக்கு அழைத்தோம். "அங்கேயும் பொணம் மாதிரி படுக்கணுமா?" என்று கேட்டார். இல்லை அய்யா, மனுசர் மாதிரி படுக்கலாம் என்றோம்.

வந்தார். பத்து நிமிடம் படுத்தார். தூங்கிவிட்டார். நாங்கள் எழுப்பவில்லை.

ஜெய்பீம்.