பிஸ்ட்ரிகா கரையில் கிடக்கும் கற்கள்

கொசோவோவில் பிரிஸ்ரென் நகருக்குச் சற்று மேலே, பிஸ்ட்ரிகா ஆறு மலையிடுக்கில் இறங்கிவரும் இடத்தில், தூய அதிதூதர்கள் மடத்தின் சுவரடிகள் கிடக்கின்றன. செர்பியப் பேரரசர் ஸ்டீபன் டூஷான் 14-ஆம் நூற்றாண்டின் நடுவில், தன்னை அடக்கம் செய்வதற்கென்றே கட்டிய ஆர்த்தடாக்ஸ் மடம் அது. அதைப் பழையபடி எழுப்பிவிட வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனாலும் கூடாது என்பேன். தேவாலயத்தின் தரை அமைப்பு நமக்குத் தெரியும். விலங்குகளும் மீன்களும் பதித்த பளிங்குத் தளத்தின் துண்டுகள் 1927-இல் நடந்த அகழாய்வில் கிடைத்தன. ஆனால் மேலே நின்ற கூரையையும் சுவரோவியங்களையும் ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தைக் கல்லில் கட்டினால், உண்மையான கல் அதற்கடியில் புதைந்துபோகும்.

மடத்திலிருந்து பெயர்த்தெடுத்த கற்களில் பல, 1615-இல் பிரிஸ்ரெனில் எழுந்த சினான் பாஷா மசூதிக்குப் போனதாகக் கருதப்படுகிறது. இடிபாட்டை அப்படியே விட்டால் இடித்தவனுக்கே வெற்றி என்பார்கள். அந்த வலியை மதிக்கிறேன். 2004 மார்ச்சில் கொசோவோவில் நடந்த கலவரத்தில், இங்கிருந்த துறவிகளின் குடியிருப்பு எரிக்கப்பட்டபோது அதை மீண்டும் கட்டியதே நியாயம்; மனிதர் வாழும் வீடு அது. தேவாலயத்தின் கதை வேறு. வெறுமையாய் நிற்கும் அடித்தளமே, நடந்த இழப்புக்கு யாராலும் மறுக்க முடியாத சாட்சி. செலவழிக்கப் பணமிருந்தால், மழையிலும் பனியிலும் உதிரும் சுண்ணாம்புச் சாந்தைக் காக்கட்டும். டூஷானின் வெற்றுக் கல்லறையைச் சுற்றி நீர் தேங்காமல் வடிகால் அமைக்கட்டும்.