நோயாளியின் கையில் ஒரு சில்லு

இண்டூரிலிருந்து ஒருவரை அவசரமாகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், வார்டு என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார். சாப்பாடு கொண்டுவரும் உறவினர் முதலில் கேட்பது, "அவர எங்க வெச்சிருக்காங்க?" என்பதுதான்.

இதற்கு ஒரு வழி, கைப்பட்டையில் சின்னச் சில்லு. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது. அதனால் 2010-ல் வந்த குறைமின் ப்ளூடூத் போன்றவைதான் உதவும்.

சிக்கல் பேட்டரியில்! சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரியில் சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். ஒரு வருடம் என்பது 8,760 மணி. வகுத்துப் பாருங்கள், சராசரியாக 25 மைக்ரோ ஆம்பியர்தான் செலவழிக்கலாம். ரேடியோ பேசும்போதோ 5 மில்லி ஆம்பியர், அதாவது 200 மடங்கு! ஆகவே சில்லு பெரும்பாலும் தூங்கவேண்டும். விநாடிக்கு ஒருமுறை, 3 மில்லி விநாடி மட்டும் பேசினால் 15 மைக்ரோ, தூக்கத்துக்கு ஒரு 2 மைக்ரோ. வருடம் தாண்டும். விநாடிக்குப் பத்துமுறை பேசினால் இரண்டே மாதம்!

சென்டிமீட்டர் துல்லியம் யாருக்கு வேண்டும்? எந்த வார்டு என்று தெரிந்தால் போதாதா? கட்டில் நகராதபோது சில்லு எதற்குக் கத்தவேண்டும்? அசைவை உணரும் சென்சார் எழுப்பும்போது பேசினால் போதும்.

இதற்கு அதிநவீன ஆலையும் அவசியமில்லை. பழைய 180 நானோமீட்டர் முறையில், தூங்கும்போது கசியும் மின்சாரம் குறைவு. சென்னை ஐஐடியின் சக்தி செயலி ஒன்று 2018-ல் சண்டிகர் ஆலையில் இதே அளவில்தான் செய்யப்பட்டது. எனவே இந்தச் சில்லை இங்கேயே வடிவமைக்க முடியும், வடிவமைக்கவும் வேண்டும்.

"முதலில் நர்ஸ்களைப் போடுங்கள், சில்லு அப்புறம்" என்பார்கள். நியாயம்தான். சில்லு ஊசி போடாது. ஆனால் நோயாளியைத் தேடி அலையும் நேரத்தை நர்ஸுக்கு மிச்சப்படுத்தும்.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த வார்டு என்று தெரிந்தால் என்ன நோய் என்றும் தெரிந்துவிடும். தனிநபர் தரவுக்கு 2023-ல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், டிஸ்சார்ஜ் ஆனதும் தடத்தை அழிப்பதை வடிவமைப்பிலேயே சேர்க்கவேண்டும். அது இல்லாத பட்டையை எந்த மருத்துவமனையும் வாங்கக்கூடாது.