யந்திரமும் தொழிலாளியின் விசுவாசமும்

நமது தொழிலதிபர்கள் கூடும் இடங்களில் இந்நாளில் ஒரு புகார் அடிக்கடி எழுகின்றது. இளைஞர்கள் ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்வதில்லையாம். சிறிது கூலி அதிகம் கிடைத்தால் மறுநாளே வேறு ஆலைக்குப் போய்விடுகிறார்களாம். உண்ட வீட்டின் நினைவு அவர்களுக்கு இல்லையாம். இப்புகாரில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் புகார் கூறுவோர் ஒரு கேள்விக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள். விசுவாசம் என்பது கூலியோடு சேர்த்து வாங்கும் சரக்கா? அன்றி, ஒருவன் வேலை செய்யும் இடமும் அங்கு நடத்தப்படும் முறையும் அவன் எதிர்காலத்தைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கையும் சேர்ந்து மெல்ல விளைவிக்கும் பயிரா?

விசுவாசத்தைச் சட்டத்தின் வலிமையால் வரவழைக்க முடியுமா என்பதை நம் தேசம் முன்னரே பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. 1859-ஆம் வருஷத்தில், கம்பெனியார் ஆட்சி நீங்கி விக்டோரியா ராணியின் ஆட்சி வந்த மறுவருஷமே, தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என ஒன்று இயற்றப்பட்டது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் மாஜிஸ்டிரேட் அவனைத் திரும்ப வேலைக்குப் போகும்படி உத்தரவிடலாம், மறுத்தால் சிறையிலிடலாம். ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை. தோட்ட முதலாளிமார் இச்சட்டத்தைத் தாராளமாகக் கையாண்டனர். 1925-இல் அது ரத்தாயிற்று. அதுவரை அச்சத்தால் வேலை நடந்ததேயன்றி அன்பால் நடக்கவில்லை. சிறைக்கு அஞ்சி நிற்பவன் காவலன் முகம் திரும்பும் வரையே நிற்பான். இது மனித இயற்கை. இதற்குச் சாட்சி வேண்டுவதில்லை.

யந்திரம் பெருகினால் தொழிலாளியின் மனம் எவ்வாறாகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி தெளிவான சான்று. 1913-இல் ஹென்றி போர்டு தமது மோட்டார்த் தொழிற்சாலையில் ஓடும் வரிசை முறையைப் புகுத்தினார். ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்கு முன்பு பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று; புதிய முறையில் ஒன்றரை மணி நேரம் போதுமானதாயிற்று. யந்திரம் வென்றது. மனிதர்களோ நிற்கவில்லை. நாள் முழுதும் ஒரே திருகாணியை முறுக்கும் வேலையில் மனம் வெறுத்து அவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்கும் பொருட்டு அவ்வருஷத்தில் மட்டும் 52,000 பேருக்குமேல் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1914 ஜனவரியில் போர்டு நாட்கூலியை ஏறக்குறைய இருமடங்காக்கி ஐந்து டாலர் என்றார். ஒன்பது மணி வேலையை எட்டு மணியாகக் குறைத்தார். வெளியேறுவது வெகுவாகக் குறைந்தது. தர்மம் என்று எண்ணி அவர் இதைச் செய்யவில்லை. கணக்குப் பார்த்தே செய்தார். ஆயினும் அந்த ஐந்து டாலரைப் பெறுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கம்பெனியின் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வந்து, அவன் குடிக்கிறானா, பணம் சேமிக்கிறானா, குடும்பத்தை எவ்வாறு நடத்துகிறான் என்று விசாரிப்பார்கள். கூலி கொடுத்தவன் உழைப்பை மட்டுமன்றி ஆளையே வாங்கிவிட்டதாக எண்ணும் மனப்பான்மை அன்றே யந்திரத்தோடு உடன்பிறந்துவிட்டது.

இனி நம் நாட்டு வரலாற்றைப் பார்ப்போம். 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது யாது? கூலி உயர்வும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், வேலை நேரக் குறைப்பும். 1918 ஏப்ரல் மாதத்தில் பெரம்பூரில் பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவராகவும் அமர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததற்கு முதற்காரணமாயிருந்த குறைகளில் ஒன்று, பகலுணவு உண்ணப் போதிய நேரம் கிடைக்கவில்லை என்பது. சோறுண்ண நேரம் கேட்பவனை விசுவாசமற்றவன் என்று எவரும் கூறத் துணியார். ஆயினும் அன்று அப்படித்தான் கூறினார்கள்.

நூறு வருஷத்துக்குப் பின்னர் நிலைமை எவ்வளவு மாறிவிட்டது என்று நேயர்களே மதிப்பிடலாம். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை தனியே ஒரு சட்டத்திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. பத்து மணி நேரம் நிற்பவளின் கால் வீங்கும் என்பதை அறிவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் இளம்பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். தோழிமாரின் கதி தெரியாது கலங்கிய பெண்கள் சென்னை–பெங்களூர்ப் பெருஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். உலகத்திலேயே மிக நுட்பமான கருவிகளுள் ஒன்றைச் செய்த கைகளுக்கு நல்ல சோறும் படுக்க இடமும் கிடைக்கவில்லை என்பதை அன்று உலகம் அறிந்தது. ஆலை சில வாரம் மூடப்பட்டது. பின்னர் 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதிகளைச் சர்க்கார் கட்டித் திறந்தது. நல்ல காரியமே. ஆனால் பெண்கள் சாலைக்கு வராதிருந்தால் இவ்வளவு விரைவில் இது நடந்திருக்குமா என்ற ஐயம் நமக்கு உண்டு.

சோறும் இருக்கையும் ஓய்வும் கிடைத்துவிட்டால் விசுவாசம் வந்துவிடுமா? வராது. இவை அடித்தளம் மட்டுமே. தன் வேலை நாளுக்கு நாள் தன்னை உயர்த்துகிறது என்ற உணர்ச்சியே ஒருவனைத் தொழிலோடு பிணைக்கிறது. தச்சனிடம் சேர்ந்த பையன் உளி பிடிக்கக் கற்று, பின் மரம் பார்க்கக் கற்று, பின் தானே கதவு செய்யக் கற்கிறான். பழைய பஞ்சாலையிலும், எத்தனை குறைகளிருப்பினும், பதிலி ஆளாக உள்ளே நுழைந்தவன் தறிக்காரனாகி மேஸ்திரியாகும் ஏணி ஒன்று இருந்தது. இன்றைய ஓடும் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஏணி எங்கே? முதல் மாதத்தில் கற்ற கைவேலையையே ஐந்தாம் வருஷத்திலும் செய்கிறாள். வேகம் கூடியிருக்கும்; வித்தை கூடியிராது. அவளை ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் அழைத்திருந்தால், தன் எஜமானர் யார் என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. 2022-23-ஆம் வருஷத்து ஆலைத் தொழில் கணக்கின்படி, நம் தேசத்தின் பதிவான ஆலைகளில் உள்ள தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேர் இவ்வாறு ஒப்பந்தத்தில் வந்தவர்களே. என்னுடையவள் அல்லள் என்று முதலில் கூறிவிட்டு, எனக்கு விசுவாசமாயிரு என்று பிறகு கேட்பது என்ன நியாயம்?

விசுவாசம் காட்டியவர்களுக்குக் கிடைத்த பரிசையும் நாம் கண்டிருக்கிறோம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி கைபேசித் தொழிற்சாலை தொடங்கியது. கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய கையில் பழுதில்லை. ஆயினும் கைபேசியின் தொழில்நுட்பம் மாறியது. கம்பெனியின் கைபேசித் தொழில் மைக்ரோசாப்டுக்கு விற்கப்பட்டது. வரித் தகராறு காரணமாக இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் தேதி ஆலை மூடப்பட்டது. பின்னர் வேறொரு கம்பெனி அவ்விடத்தை வாங்கித் தொழில் நடத்துவது உண்மை. ஆனால் இருபது வயதில் வந்து இருபத்தெட்டு வயதில் வெளியேறியவர்கள் கைபேசியின் ஒரு பாகத்தைப் பொருத்த மட்டுமே அறிந்தவர்களாயிருந்தனர். அவர்களுக்கு நஷ்டஈடாகப் பணம் கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை. அண்டை வீட்டில் இதைக் கண்டு வளர்ந்த தம்பி தங்கையர் இன்று எந்த ஆலையையும் முழுவதும் நம்பாதிருந்தால் அது நன்றியின்மை அன்று, அனுபவ ஞானம்.

மேஜையில் அமர்ந்து வேலை செய்யும் படித்தவர்களின் நிலையும் வேறன்று. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஊழியருள் நூற்றுக்கு இருவரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இவர்களுள் பெரும்பாலோர் நடுநிலையிலும் மேல்நிலையிலும் உள்ளவர்கள், பல்லாண்டு உழைத்தவர்கள். அவர்களுடைய திறமைக்குத் தக்க இடமளிக்க முடியவில்லை என்பது கூறப்பட்ட காரணம். திறமை பழையதாகும்வரை அவர்களிடம் பழைய வேலையையே வாங்கியவர் யார்?

இதே வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. பொதுத்துறை பாங்கி ஒன்றில் சேர்ந்த அதிகாரி மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனை செல்லும் என்பது அதன் சாரம். தொழில்நுட்ப மாறுதல், மறுபயிற்சி, தேர்ந்த ஊழியரை இழவாது காத்துக்கொள்ளல் ஆகியவை பொதுநலக் கொள்கையில் புதிதாக எழும் அம்சங்கள் என்று கோர்ட்டு கருதியது. தீர்ப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அக்கொள்கை மெய்யானால் அது இரு தரப்பையும் கட்ட வேண்டுமன்றோ என்பதே நம் வினா. ஊழியன் விட்டுப் போனால் நிறுவனத்திற்கு நஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறோம். நிறுவனம் ஊழியனை விட்டுவிட்டால் அவன் செலவழித்த ஆயுளுக்கு ஈடு யாது?

இங்கே ஒரு மறுப்பு எழும். 'யந்திரத்தைத் தடுத்தால் தொழில் வியத்நாமுக்கும் சீனாவுக்கும் போய்விடும். முதலாளியைக் கட்டினால் முதல் வராது' என்பார்கள். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆலைகளில் வேலை செய்யும் இந்திய ஸ்திரீகளுள் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றனர்; இத்தொழில்கள் போய்விட்டால் முதலில் வருந்துவோர் அவர்களே. யந்திரத்தை நாம் பகைக்கவில்லை. மூட்டை சுமக்கும் முதுகை நிமிர்த்தும் யந்திரத்தையும், விஷப்புகையினின்று நுரையீரலைக் காக்கும் யந்திரத்தையும் இருகை கூப்பி வரவேற்கிறோம். தொழிலாளி எத்தனை நிமிஷம் கழிப்பறையில் இருந்தான் என்று எண்ணும் யந்திரத்தை மட்டுமே எதிர்க்கிறோம். ஒரே காமிரா நெருப்புப் பிடிப்பதையும் முன்னறிவிக்கும். கண் அயர்ந்தவளையும் காட்டிக்கொடுக்கும். யந்திரத்துக்குச் சித்தம் கிடையாது. அதை வாங்கி வைத்தவரின் சித்தமே அதன் சித்தம்.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1957-இல் டில்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மகாநாட்டில் சர்க்காரும் முதலாளிகளும் தொழிலாளரும் சேர்ந்து, ஆலைகளில் புதிய யந்திர முறை புகுத்துவதற்கு மூன்று நிபந்தனைகளை ஏற்றார்கள். இருக்கும் தொழிலாளர் வேலையையோ வருமானத்தையோ இழக்கலாகாது. யந்திரத்தால் வரும் லாபம் முதலாளி, தொழிலாளி, சமுதாயம் ஆகிய மூவருக்கும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். வேலைச்சுமையை இரு தரப்பாரும் ஒப்பிய நிபுணர் அளவிட்டு, வேலைச் சூழ்நிலையையும் சீர்திருத்த வேண்டும். இவற்றைவிடத் தெளிவாக இன்று எவரும் எழுதிவிட முடியாது. ஏட்டில் எழுதியதைக் காரியத்தில் காட்டாததே நம் குறை.

2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு என்ன செய்கிறது? ஆட்குறைப்புக்கு முன் சர்க்காரின் அனுமதி பெறவேண்டிய ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்துகிறது. குறித்த காலத்துக்கு மட்டும் ஆளெடுப்பதற்குச் சட்டத்தில் இடமளிக்கிறது. நீக்கப்படும் ஒவ்வொருவருக்காகவும் 15 நாள் கூலியை மறுபயிற்சி நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது. மறுபயிற்சி என்ற கருத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டதை வரவேற்கிறோம். ஆனால் பதினைந்து நாள் கூலியில் நாற்பது வயதினன் எந்தப் புதுத்தொழிலைக் கற்பான்? மேலும் இது வேலை போன பின்பு வரும் மருந்து. வேலையிலிருக்கும்போதே, கூலியோடு கற்பிப்பதே நோய் வராமற் காக்கும் முறை.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, ஆட்குறைப்பை விளைவிக்கக்கூடிய யந்திர மாற்றத்திற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருந்த விதி புதியதிலும் இருக்கிறது. அந்த அறிவிப்பு கதவில் ஒட்டும் காகிதமாக முடியாமல், தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்து பேசும் காலமாக வேண்டும். இரண்டாவது, புது யந்திரம் வரும் ஆலையில் பழைய கைகளுக்கே முதலில் அதைக் கற்பிக்க வேண்டும். மூன்றாவது, நிரந்தரமாக நடைபெறும் வேலைக்கு நிரந்தரமான ஆள் வேண்டும். நான்காவது, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது முக்கியமாகத் தங்கள் சங்கத்தின் அங்கீகாரத்துக்காகவே. 1918-இல் பெரம்பூர் கேட்டதைச் சுங்குவார்சத்திரம் மறுபடி கேட்க நேர்ந்தது நமக்குப் பெருமையன்று. தொழிலாளர் நிர்வாகத்தில் பங்குபெறச் சர்க்கார் வழிசெய்ய வேண்டும் என்று 1976 முதல் நம் அரசியல் சட்டத்தின் 43-ஏ பிரிவு கூறிக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறோம்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தவுடன் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபசாயிற்று. பொதுஜன அபிப்பிராயம் ஒன்றுதிரண்டால் நடக்கும் என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆனால் எதிர்த்து நிறுத்துவதோடு நம் கடமை தீரவில்லை. ஆலை வாயிலுக்குப் போங்கள். வரிசையில் நிற்பவரைக் கேளுங்கள். அவர் ஐந்து வருஷத்துக்கு முன் அறியாத எந்த வித்தையை இன்று அறிவார் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு அவர் மகிழ்ச்சியோடு விடைசொல்லும் ஆலையில் விசுவாசத்தைப் பற்றிய புகார் எழாது. தொழிலாளியின் நாளையைப் பற்றிக் கவலைப்படும் முதலாளிக்கே தொழிலாளியின் இன்றைய உழைப்பு முழுமனத்தோடு கிடைக்கும். கொடுத்துப் பெறுவதே விசுவாசம்; கொடாமல் கேட்பதற்குப் பெயர் வேறு.